வாசற்படியைத் தாண்டட்டும் பள்ளி

கரிசற் பூமியில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டால், அதற்கான காரணம் பெரும்பாலும் வகுப்பறையில் இருப்பதில்லை. புரட்டாசியில் மழை இறங்கி விதைப்புத் தொடங்கியிருக்கும்; தை மாதத்தில் பருத்திக்காட்டிலோ உளுந்தங்காட்டிலோ ஆள் போதாமல் இருக்கும். தாய் தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்றிருக்க, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவளை விட்டால் வேறு ஆள் இராது. தந்தை திருப்பூருக்கோ கோவைக்கோ பிழைப்புத் தேடிப் போயிருப்பார். வருகைப் பதிவேட்டில் இவை யாவும் ஒரே குறியாகச் சுருங்கிவிடுகின்றன. அக்குறிக்குப் பின்னால் உள்ள வீட்டை அறிந்த ஆசிரியருக்கு அது ஒரு செய்தி. அறியாதவருக்கு அது பிள்ளையின் குற்றம்.

ஆசிரியருக்கும் மாணவர் குடும்பத்துக்கும் பள்ளிக்கு வெளியே உறவு வேண்டும் என்பதை மறுப்பார் எவருமில்லை. அவ்வுறவுக்கு முதல் அடியை யார் எடுத்து வைப்பது என்ற இடத்தில்தான் தடுமாற்றம். இன்றுள்ள ஏற்பாடுகள் யாவும் பெற்றோரையே பள்ளிக்கு வரச் சொல்கின்றன. கோவில்பட்டியையும் அதைச் சூழ்ந்த மானாவாரி ஊர்களையும் பொறுத்தவரை இந்த முறை போதாது என்பது நம் கருத்து. இங்கே பள்ளிதான் வீட்டை நோக்கிச் செல்ல வேண்டும். குறை கூறச் செல்லாமல் கேட்டறியச் செல்ல வேண்டும். சில நல்லாசிரியர்களின் தனித் தொண்டாக இராமல், நேரமும் செலவும் ஒதுக்கப்பட்ட பணியாக அது நிகழ வேண்டும்.

ஆசிரியர் வீடுகளுக்குச் செல்வதே இல்லையோ எனில், செல்கிறார். கோடையில் மாணவர் சேர்க்கைக்காகத் தெருத்தெருவாகச் செல்கிறார். பள்ளி செல்லாப் பிள்ளைகளின் கணக்கெடுப்புக்குச் செல்கிறார். வாக்காளர் பட்டியலைத் திருத்தும் காலங்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் படிவத்துடன் செல்கிறார். இம்மூன்று வேளைகளிலும் வீட்டாரிடமிருந்து அரசுக்கோ பள்ளிக்கோ ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. பிள்ளை எப்படி இருக்கிறாள், என்ன விரும்புகிறாள், வீட்டில் எந்நேரம் படிக்கிறாள் என்று கேட்பதற்காக மட்டும் ஆசிரியர் வந்த நாளை இவ்வூர்களின் பெற்றோர் பலர் கண்டிருக்க மாட்டார்கள்.

ஒருகாலத்தில் ஆசிரியர் பணிபுரியும் ஊரிலேயே குடியிருந்தார். கடைக்குச் சென்றாலும் களத்துமேட்டைக் கடந்தாலும் பெற்றோரைக் கண்டார். இன்று சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்களுள் பலர் கோவில்பட்டி நகரில் குடியிருந்து, காலையில் பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ சென்று மாலையில் திரும்புகின்றனர். இதைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. தம் பிள்ளைகளின் படிப்பும் மருத்துவ வசதியும் கருதி எவரும் செய்வதைத்தான் அவர்களும் செய்கின்றனர். பழைய நாளைப் பொற்காலமாகப் பாடவும் வேண்டியதில்லை. அந்நாளைய ஆசிரியர் குடியிருந்த தெரு எல்லாருக்கும் உரிய தெருவாக இருந்ததில்லை. ஆயினும் உடன் வாழ்தலால் தானாக விளைந்த பழக்கம் இன்று இல்லை. அதனை இனித் திட்டமிட்டே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இவ்வட்டாரத்தின் வரலாறு இதற்கு வலுவான சான்று தருகிறது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றித் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கு வறட்சியும் ஒரு காரணம். குச்சியும் பெட்டியும் உலர வெயில் இருந்தது. மழை பொய்த்த நிலத்திலிருந்து மலிவான கூலிக்குக் கைகள் கிடைத்தன. அக்கைகளுள் பிள்ளைகளின் கைகளும் இருந்தன. ஆலை வண்டிகள் விடியுமுன்னரே ஊர்ஊராகச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற காலத்தை இங்குள்ள நடுவயதினர் மறந்திருக்க முடியாது. இம்மண்ணின் எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ திரைப்படத்தின் பொருள் அதுவே.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டித் தொழிலில் 14 வயது நிரம்பாதோரை அமர்த்துவதைத் தடை செய்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடத்தப்படும் பட்டறைக்கு அது விலக்கு அளித்தது. ஆலைக்குள் செல்லக் கூடாத பிள்ளை, தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெட்டி ஒட்டினால் கேட்பாரில்லை. சட்டம் வாசற்படியோடு நின்றுவிட்டது. சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாயை ஒரு நிதியில் செலுத்த வேண்டும். குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். அது இயலாதெனில் அரசு 5,000 ரூபாயை அந்நிதியில் சேர்க்க வேண்டும். பிள்ளை பள்ளியில் படிக்கும்வரை அந்நிதியின் வருவாய் குடும்பத்தைச் சேர வேண்டும் என்று அது ஆணையிட்டது. பள்ளியில் பிள்ளை அமர்வதும் வீட்டில் அடுப்பு எரிவதும் ஒரே கணக்கைச் சேர்ந்தவை என்பதை நீதிமன்றம் கண்டுகொண்டது. அக்கணக்கைப் பள்ளியும் அறிந்திருக்க வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

விடியலில் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற அந்த வண்டிகள் இன்று இல்லை. சட்டம், இயந்திரப் பெருக்கம், தொண்டர்களின் இடைவிடாத உழைப்பு ஆகிய யாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் இடைநிற்றலின் காரணங்கள் உருமாறி வீட்டுக்குள்ளேயே தங்கியிருக்கின்றன. பத்தாம் வகுப்போடு நிறுத்தி நூற்பாலை விடுதிக்கு அனுப்பப்படும் பெண். திருமணத்துக்கு நாள் குறிக்கப்பட்ட பெண். குடிக்கு அடிமையான தந்தையின் கடனைத் தன் கூலியில் தீர்க்கும் சிறுவன். இவர்களைப் பற்றிய முதற்செய்தி பதிவேட்டுக்கு வருவதற்கு மாதங்கள் முன்னரே தெருவுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்குத்தான் கடைசியில் தெரியும்.

இனி, இப்பகுதி நாட்டுக்கே வழிகாட்டிய ஒரு நிகழ்வையும் நினைவுகூர வேண்டும். 1956-இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். கோவில்பட்டிக்கு அருகில் உள்ள ஊர் அது. தொடக்கத்தில் அத்திட்டம் அரசின் பணத்தால் மட்டும் நடக்கவில்லை. ஊராரின் நெல்லும் பணமும் அதில் சேர்ந்திருந்தன. கல்வித்துறையை இயக்கிய நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இவ்வழியைச் சேர்ந்தவையே. ஊரார் இடம் தந்தனர், பலகை தந்தனர், கரும்பலகை தந்தனர். கொடுத்த பொருளினும் பெரிது கொடுத்தவருக்குக் கிடைத்த உரிமை. ஒரு மரக்கால் தானியம் அளந்தவர் பள்ளி வாசலில் கைகட்டி நிற்பதில்லை. தலைமையாசிரியரிடம் நேர்நின்று கேள்வி கேட்பார். பின்னர் அரசே முழுச் செலவையும் ஏற்றது. அது நியாயமே, ஏழையிடம் தண்டுவது நீதியாகாது. ஆனால் பொருளோடு சேர்ந்து உரிமையுணர்வும் கழன்றுபோயிற்று. அதை ஈடுசெய்ய வேறொன்றையும் நாம் கட்டவில்லை.

உறவு கட்டப்படாத இடத்தில் என்ன நேரும் என்பதையும் அதே எட்டயபுரம் வட்டாரம் காட்டியது. 2023 செப்டம்பரில் உசிலம்பட்டி என்னும் சிற்றூரின் ஒன்றியப் பள்ளியில், சமைத்தவர் பட்டியலினப் பெண் என்பதால் சில பெற்றோர் தம் பிள்ளைகளைக் காலை உணவு உண்ண விடவில்லை என்ற செய்தி நாடெங்கும் பரவியது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டார். அது வேண்டிய செயலே. ஆயினும் உயர்ந்தோர் வருகை ஒருநாள் நிகழ்ச்சி. பள்ளி அடுப்படியில் வெடித்த பிணக்கு தெருவிலிருந்தே வந்தது; தெருவில் நாள்தோறும் புழங்கும் ஒருவர்தாம் அதைத் தொடக்கத்திலேயே அறிந்து பேசித் தணிக்க முடியும். அதற்குமுன் ஆகஸ்டில், நாங்குநேரியில், பள்ளியில் முளைத்த சாதிப்பகை மாணவர் ஒருவரின் வீட்டுக்குள்ளேயே புகுந்து அவரையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டியது. அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்குவது எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. பள்ளிக்குள் செய்ய வேண்டியவை அவை. கயிற்றைக் கட்டி அனுப்பும் வீட்டோடும் பேச வேண்டும். அப்பேச்சு இன்னும் தொடங்கப்படவில்லை.

இவ்வூர்களில் ஆசிரியர் வீடு தேடிச் செல்லும்போது அவர் அறியாமலே ஒரு தேர்வு எழுதுகிறார். எந்தத் தெருவுக்கு முதலில் சென்றார், எந்த வீட்டில் அமர்ந்தார், எந்த வீட்டில் நின்றபடியே பேசிவிட்டுத் திரும்பினார், எவர் கொடுத்த தண்ணீரைப் பருகினார் என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு சிலர் வீட்டுக்கு மட்டும் சென்றால் அது சலுகையாகவோ சாதிப் பற்றாகவோ பேசப்படும். குற்றம் செய்த பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் சென்றால் விசாரணையாகிவிடும். ஆகவே எல்லா வீடுகளுக்கும் செல்வது என்பது முதல் விதியாக இருக்க வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் வீட்டிலும் படிக்காத பிள்ளையின் வீட்டிலும் ஊர்த்தெருவிலும் காலனியிலும் திண்ணையில் ஒரே அளவு நேரம் ஆசிரியர் அமர்ந்தெழுந்தால், எந்தச் சொற்பொழிவும் கற்பிக்காததை ஊர் அதிலிருந்து கற்கும்.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று எவரும் கூற முடியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 24-ஆம் பிரிவில், பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது; அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தமிழ்நாட்டில் இக்குழுக்களுக்குப் புத்துயிர் ஊட்ட 2022 மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடத்தப்பட்டது. அந்நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதைக் கவனிக்க வேண்டும். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர் வரக்கூடிய நாள் எது என்று அரசுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதன்பின் மாதந்தோறும் நடைபெறும் கூட்டங்கள் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் வைக்கப்பட்டன. தீப்பெட்டி ஆபீசில் செய்த வேலையின் அளவுக்குக் கூலி பெறும் தாய்க்கு அப்பிற்பகல் இலவசமன்று. அவள் வராததைக் கண்டு பெற்றோருக்கு அக்கறையில்லை என்று முடிவுகட்டுவது, அவளிடம் அரைநாள் வருவாயைக் கட்டணமாகக் கேட்டுவிட்டு அவள் தரவில்லை என்று குறைகூறுவதாகும்.

மற்றத் துறைகள் வாசலைத் தேடிச் செல்லக் கற்றுக்கொண்டுவிட்டன. கோவில்பட்டியின் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-ஆம் ஆண்டு முதல் இம்மண்ணை ஆராய்கிறது. அதன் வித்து உழவரின் காட்டில் முளைத்தால்தான் அந்த ஆராய்ச்சிக்குப் பயன் என்பது அங்குள்ளோர் அறிந்த உண்மை. கிராமச் செவிலியர் கருவுற்ற பெண்ணின் வீட்டுக்குச் செல்கிறார். 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நோயாளியின் வாசலுக்கு மருந்து கொண்டு செல்கிறது. கல்வித்துறையிலும், பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வேளையில் தெருவிலேயே வகுப்பு நடத்தியது. அந்தத் தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் அதே தெருவைச் சேர்ந்த பெண்கள். எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை, எந்தப் பிள்ளை பாட்டியோடு தங்கியிருக்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள். அதற்கும் முன்னர், 1990-களின் அறிவொளி இயக்கத்தில், அரசு ஆசிரியர் பலர் இரவு வேளைகளில் சாவடியிலும் மந்தையிலும் பெற்றோருக்கே எழுத்தறிவித்தனர். பள்ளி தெருவுக்கு வந்தால் தெரு அதை வரவேற்கும் என்பதற்குத் தென்பாண்டிச் சீமையிலேயே முன்னுதாரணம் உண்டு.

பிற நாடுகளிலும் இது புதிதன்று. சப்பானில் வகுப்பாசிரியர் கல்வியாண்டின் தொடக்கத்தில் தம் மாணவர் வீடுகளுக்குச் சென்றுவருவது நெடுநாளைய வழக்கம். அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் 1998-இல் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தனர். முன்கூட்டிச் சொல்லிவிட்டு இருவராகச் செல்வது. பிரச்சினைப் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுக்காமல் இருப்பது. பிள்ளையைக் குறித்த கனவு யாது என்று முதலில் பெற்றோரைக் கேட்பது. ஆசிரியர் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் தருவது ஆகியவை அதன் விதிகள். பள்ளி முழுமைக்குமாக இதனை முறையாகச் செய்த இடங்களில் நீண்ட நாள் வராமலிருக்கும் மாணவர் குறைவு என்று 2018-இல் வெளிவந்த சான்ஸ் ஆப்கின்சு பல்கலைக்கழக ஆய்வு தெரிவித்தது.

கேட்பது என்பதை இங்கு அழுத்திச் சொல்கிறோம். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் ஒரே ஊர் கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் தமிழுக்குத் தந்தது. இருவரும் 1923-இல் பிறந்தவர்கள், இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத கி. ராஜநாராயணன், பள்ளிகள் கொச்சையென்று ஒதுக்கிய கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்தார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைகளைத் தொகுக்கும் பணிக்கு அழைக்கப்பட்டார். அவருக்கு அச்சொற்களைத் தந்தவர்கள் உழவரும் ஆட்டிடையரும் முதியோருமே. இன்று வகுப்பறையில் பின்வரிசையில் ஊமையாய் அமர்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டிலும் மண்ணின் பதம் அறிந்த தாத்தாவும், நூறு விடுகதை அறிந்த பாட்டியும், மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் நுட்பம் அறிந்த தந்தையும் இருக்கக்கூடும். அவர்களைக் கேட்டறிந்து வந்த ஆசிரியர் அடுத்த நாள் பாடம் நடத்தும் விதமே வேறாக இருக்கும். கொடுப்பதற்குத் தம்மிடமும் ஏதோ உண்டு என்று குடும்பம் உணரும்போதுதான் அது ஏற்பதற்கும் ஆயத்தமாகிறது.

ஆசிரியர் தரப்பின் தடைகளை நாம் புறக்கணிக்கவில்லை. காலிப் பணியிடங்கள், ஓராசிரியரும் ஈராசிரியரும் தாங்கும் தொடக்கப் பள்ளிகள், நாள் முழுதும் கைப்பேசியில் ஏற்ற வேண்டிய தரவுகள் ஆகியவற்றுக்கு மேல் இன்னொரு சுமையா என்று அவர்கள் கேட்பது நியாயம். கடைசிப் பேருந்து போய்விட்ட பின் பெண் ஆசிரியர் ஊர் திரும்புவது எப்படி என்ற கேள்வியும் நியாயமே. எனவே இதைக் கூடுதல் சுமையாக ஏற்றாமல், வேறொன்றை இறக்கிவிட்டு ஏற்ற வேண்டும். வறுமையை வேடிக்கை பார்ப்பதாக முடிந்துவிடுமோ என்ற பெற்றோரின் கூச்சத்துக்கும் மதிப்பளிக்க வேண்டும். வீட்டுக்குள் அழைக்க விரும்பாதவரைச் சாவடியிலோ ஊர்ப்புற நூலகத்திலோ வேப்பமரத்தடியிலோ சந்திக்கலாம்.

ஆகவே மாவட்டக் கல்வி நிர்வாகத்தின்முன் சில கோரிக்கைகளை வைக்கிறோம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலிருந்து புரட்டாசி விதைப்புக்கு முன்னர் வரை மானாவாரிக் காடுகளில் வேலை குறைவு. அக்காலத்துக்குள் ஒவ்வொரு மாணவர் குடும்பத்தையும் வகுப்பாசிரியர் ஒருமுறை சந்திக்க வேண்டும். அறுவடை முடிந்து பொதுத்தேர்வு நெருங்கும் மாசியில் மறுமுறை. சனிக்கிழமையிலோ மாலையிலோ செலவிடும் நேரத்துக்கு ஈடுசெய் விடுப்பும் பயணப்படியும் தர வேண்டும். ஆசிரியர் இருவராகவோ, அத்தெருவின் மேலாண்மைக்குழு உறுப்பினரான தாய் ஒருவருடனோ செல்ல வேண்டும். சாதியோ மதிப்பெண்ணோ பாராமல் அத்தனை வீடுகளுக்கும் செல்ல வேண்டும். நிழற்படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்லும் வழக்கம் இதில் அறவே கூடாது; சான்றுக்காகச் செய்யப்படும் சந்திப்பு அன்றோடு செத்துவிடும். மேலாண்மைக் குழுவின் கூட்டங்களில் பாதியையேனும் ஞாயிறன்று, ஊருக்குள் நடத்த வேண்டும். தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்களும் நூற்பாலை நிர்வாகங்களும், பள்ளிக் கூட்டத்துக்குச் செல்லும் தாய்க்கு ஆண்டில் இரண்டு அரைநாள்களைக் கூலியுடன் தர முன்வர வேண்டும். முந்தைய தலைமுறையின் பிள்ளைக் கைகளால் வளர்ந்த தொழில் இத்தலைமுறையின் பிள்ளைகளுக்குச் செலுத்த வேண்டிய மிகச் சிறிய கடன் அது.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, பெருநிதியும் வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டம் ஏற்கெனவே விதித்துள்ள கடமையைச் செய்வதற்கு நேரம் ஒதுக்கும் ஓர் ஆணை போதும். வரும் கல்வியாண்டில் கோவில்பட்டிக் கல்வி மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் இதைத் தொடங்கலாம்; ஓராண்டு கழித்து வருகைப் பதிவேட்டையும் இடைநிற்றல் கணக்கையும் எடுத்துப் பார்த்துத் தொடர்வதா திருத்துவதா என்று முடிவு செய்யலாம். பெற்றோர் வரவில்லை என்று பள்ளி குறைகூறும் உரிமையை, பள்ளி ஒருமுறை சென்று வந்தபின் பெறட்டும்.